போன்ஹோஃபரை மாணவர்களோடு வாசிப்பது எப்படி? தோட்டப்புறச் சபை ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வரும் படிவம் 4, 5, 6 மாணவர்களோடு ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஹ் போன்ஹோஃபரை வாசிக்க நினைக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் வாலிபர் ஐக்கியத் தலைவர்களுக்கும் இந்தப் பக்கம். வகுப்பைத் தொடங்குமுன் பெரும்பாலும் எழும் கேள்விகளையும், தொடங்கிய பிறகு முளைக்கும் சிக்கல்களையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

போன்ஹோஃபர் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1906 பிப்ரவரி 4 அன்று பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். அந்நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. 21 வயதில் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்ற லூத்தரன் போதகர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் சபையை நாட்சிக் கொள்கைக்கு அடிபணிய வைக்கும் முயற்சியை எதிர்த்தார். 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் போதகர் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். 1943 ஏப்ரல் 5 அன்று கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

முதல் வகுப்பில் இதற்கு மேல் சொல்ல வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

எத்தனையோ இறையியலாளர்கள் இருக்க, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவர் எதற்கு?

பெரும் நூலகம் இல்லாமலே இவரை வாசிக்க முடியும் என்பது ஒரு காரணம். கார்ல் பார்த்தின் பெரிய தொகுதிகளுக்குள் நுழைய மெய்யியல் பின்னணி வேண்டும். போன்ஹோஃபரின் இரண்டு நூல்களுக்கு வேதாகமம் ஒன்று கையில் இருந்தால் போதும்.

அதைவிடப் பெரிய காரணம் அவர் எழுதிய பொருள். ஒரே கூரையின்கீழ், ஒரே மேசையில், பிடித்தவரும் பிடிக்காதவருமாகக் கூடி வாழ்வது எப்படி என்று அவர் எழுதினார். லயத்து வீட்டில் ஒரு சுவர் தாண்டி அடுத்த குடும்பத்தின் சண்டை கேட்கும் இடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தும் அதே அண்டை வீட்டாரோடு இருக்கும் பிள்ளைக்கு, இது சொந்த விஷயம்.

அவர் வகுப்பறையை அறிந்தவரும்கூட. 1931, 1932இல் பெர்லினின் தொழிலாளர் பகுதியில், யாருக்கும் அடங்காத ஏறக்குறைய 50 பையன்கள் கொண்ட திடப்படுத்தல் வகுப்பை அவர் ஏற்றார். கூச்சல் போட்டவர்களைத் திருப்பி அதட்டவில்லை. முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் குரலில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மற்றவர்கள் கேட்பதற்காகத் தாமாகவே அடங்கினார்கள். பிறகு அதே வட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கி, பையன்கள் வந்து போக இடம் கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து வந்து போகும் ஆசிரியர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த நூலில் தொடங்குவது?

‘கூடி வாழ்தல்’ என்று நாம் தமிழில் அழைக்கக்கூடிய சிறு நூலில் தொடங்குங்கள். ஜெர்மன் தலைப்பு ‘கெமைன்சாமஸ் லேபன்’. ஃபிங்கன்வால்டே பள்ளியை நாட்சி இரகசியப் போலீசான கெஸ்டாப்போ 1937 செப்டம்பரில் மூடிய பிறகு, 1938இல் தம் இரட்டைச் சகோதரி சபீனாவின் வீட்டில் தங்கி நான்கே வாரங்களில் எழுதினார். 1939இல் வெளிவந்தது. ஐந்தே அதிகாரங்கள்: ஐக்கியம், பிறரோடு கழியும் நாள், தனித்துக் கழியும் நாள், ஊழியம், பாவ அறிக்கையும் திருவிருந்தும்.

இரண்டாவது, ‘நாக்ஃபோல்கே’ (பின்செல்லுதல்). 1937இல் வெளிவந்தது. மலிவான கிருபை, விலையேறப்பெற்ற கிருபை என்ற புகழ்பெற்ற பகுதி இதன் முதல் அதிகாரம். மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மலைப்பிரசங்க விளக்கம் நூலின் நடுப்பகுதி. மாணவர்களோடு முழு நூலையும் வாசிக்க முயலாதீர்கள். முதல் அதிகாரத்தின் தொடக்கப் பக்கங்கள், லேவியின் அழைப்பு, சிலுவையைப் பற்றிய அதிகாரம் ஆகிய மூன்றும் போதும்.

சிறைக் கடிதங்களில் தொடங்கவே தொடங்காதீர்கள். பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் அதிகம் பேசப்பட்ட நூல். ஆனால் அவை பெற்றோருக்கும் எபர்ஹார்ட் பெத்கே என்ற நண்பருக்கும் எழுதிய கடிதங்கள். பாதி யோசனையில் நிற்கும் எண்ணங்கள் அவற்றில் நிறைய. முந்தைய நூல்கள் தெரியாதவர் கையில் அவை எப்படி வேண்டுமானாலும் வளையும்.

‘அறவியல்’ நூலை அவர் முடிக்கவே இல்லை. பெத்கே தொகுத்து 1949இல் வெளியிட்டார். படிவம் 6க்கும் அது கனம்.

எத்தனை வாரம்? ஒரு வகுப்பு எவ்வளவு நேரம்?

எட்டு ஞாயிறுகள், ஒவ்வொன்றும் 75 நிமிடம். ஆராதனை முடிந்து பிள்ளைகள் பசியாறிய பிறகு தொடங்குங்கள். வெறும் வயிற்றோடு உட்கார வைத்தால் இருபதாவது நிமிடத்தில் வகுப்பு போய்விடும்.

75 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: சங்கீதம் ஒன்றைச் சேர்ந்து வாசிக்க அல்லது பாட 10, பாடப் பகுதியை வாசிக்க 20, பேச 25, எழுத 10, ஜெபத்துக்கு 10. வாசிப்பை இரண்டு முறை செய்யுங்கள். முதலில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு எல்லாரும் பென்சிலோடு மௌனமாக வாசிக்கட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். மூன்று பக்கம் கொடுத்தால் அரைகுறையாக வாசித்துவிட்டு ஆசிரியரின் விளக்கத்துக்காகக் காத்திருப்பார்கள்.

வாரங்களின் வரிசை: முதல் நான்கு வாரம் ‘கூடி வாழ்தல்’ (சங்கீதம் 133 உடன் தொடங்கும் முதல் பக்கங்கள், கனவு ஐக்கியம் பற்றிய பகுதி, தனிமையும் கூட்டமும், நாவை அடக்குதலும் செவிகொடுத்தலும்). ஐந்தாம் வாரம் லேவி. ஆறாம் வாரம் மலிவான கிருபை. ஏழாம் வாரம் சிலுவையும் அவருடைய வாழ்க்கை வரலாறும். எட்டாம் வாரம் 1944இல் சிறையில் எழுதிய ‘நான் யார்?’ கவிதை.

படிவம் 5 மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்திய மூன்று மாதங்களில் தொடங்க வேண்டாம். டியூசனுக்கும் வகுப்புக்கும் இடையில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். திருவிருந்து ஞாயிறன்று ஆராதனை நீளும். அன்று எழுதும் நேரத்தைக் குறைக்கலாம், வாசிப்பைக் குறைக்காதீர்கள்.

எந்த மொழியில் வாசிப்பது? பிள்ளைகளுக்குத் தமிழ் இறையியல் சொற்கள் தெரியாதே.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிக்கும் பிள்ளைகள் இவர்கள். ஆலயத்தில் தமிழில் ஜெபிப்பார்கள், நண்பர்களோடு மூன்று மொழியும் கலந்து பேசுவார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பைப் படியெடுத்துக் கொடுத்தால் நகரத்துப் பள்ளியில் படிக்கும் இருவர் மட்டும் பேசுவார்கள். ஆகவே அந்த வாரத்துக்குரிய பகுதியை ஆசிரியரே பேச்சுக்கு நெருங்கிய தமிழில் ஒரு பக்கமாக எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் ஒருவர் எழுத, மற்றவர் உரக்க வாசித்து எங்கே நாக்கு தடுக்குகிறது என்று பார்க்கட்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். வகுப்புக்கான சிறந்த தயாரிப்பும் அதுவே.

உழைப்புக்கேற்ற பலன் இதில் உண்டு, ஏனென்றால் சில இடங்களில் தமிழ் வேதாகமம் ஆங்கிலத்தைவிட மூலத்துக்கு அருகில் நிற்கிறது. ‘நாக்ஃபோல்கே’ என்ற தலைப்பை ஆங்கிலத்தில் சீஷத்துவம் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். அது ஒரு நிலையின் பெயர். ஜெர்மன் சொல்லோ ஒரு செயல்: ஒருவர் முன்னே போக, பின்னால் நடப்பது. மாற்கு 2:14இல் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவியிடம் இயேசு சொல்வதைத் தமிழ் வேதாகமம் ‘எனக்குப் பின்சென்றுவா’ என்று தருகிறது. அடுத்த வரி, ‘அவன் எழுந்து அவருக்குப் பின்சென்றான்’. ஆகவே தலைப்பைப் ‘பின்செல்லுதல்’ என்று சொல்லுங்கள். அழைப்புக்கும் எழுந்து நடப்பதற்கும் இடையில் லேவி என்ன நினைத்தான் என்று சுவிசேஷம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைத்தான் போன்ஹோஃபர் பிடித்துக்கொள்கிறார்.

கிருபை என்பது சீர்திருத்தச் சபைப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல். கத்தோலிக்கப் பிள்ளைகள் வந்தால் ‘அருள்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு சொல்லில் மட்டும் மிகவும் கவனம் தேவை. சிறைக் கடிதங்களில் வரும் ஒரு சொற்றொடரை அப்படியே தமிழாக்கி ‘வயதுக்கு வந்த உலகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பெண்பிள்ளைகள் தலைகுனிவார்கள், பையன்கள் சிரிப்பார்கள், அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. ஜெர்மன் சொல் சட்டச் சொல்: இனிப் பாதுகாவலர் தேவையில்லாமல் தன் கையெழுத்துக்குத் தானே பொறுப்பேற்கும் நிலை. மலேசியச் சட்டத்தில் அந்த வயது 18. ‘தன் பொறுப்புக்கு வந்த உலகம்’ என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

‘மலிவான கிருபை’யை எப்படி விளக்குவது?

முதல் இடறல் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் மலிவு நல்ல சொல். இரவுச் சந்தையில் மலிவாக வாங்கி வந்தால் அம்மா பாராட்டுவார். ஆகவே ‘மலிவான கிருபை’ என்றதும், இலவசமாகக் கிடைப்பது நல்லதுதானே என்று ஒரு பிள்ளை கேட்பது நியாயம். ‘மலிவாக்கப்பட்ட கிருபை’ என்று சொல்லுங்கள். மலிவாக்கியது யார் என்ற கேள்வி அப்போது தானாகவே எழும். நூலின் முதல் பக்கத்தில் போன்ஹோஃபரே சந்தை உவமையைத்தான் எடுக்கிறார்: வந்த விலைக்குத் தள்ளிவிடும் சரக்கைப் போலக் கிருபையைச் சபை விற்கிறது என்கிறார்.

அதற்கு எதிர்ச்சொல்லை நாம் தேட வேண்டியதில்லை. 1 பேதுரு 1:19இல் கிறிஸ்துவின் இரத்தத்துக்குத் தமிழ் வேதாகமம் இட்ட அடைமொழி ‘விலையேறப்பெற்ற’. விலையேறப்பெற்ற கிருபை என்றால் நமக்கு விலை கூடுதல் என்பது முதல் பொருள் அல்ல. தேவனுக்குத் தம் குமாரனின் உயிரே விலையாயிற்று. தேவனுக்கு அத்தனை விலையானது நமக்கு மலிவாக இருக்க முடியாது. இந்த வரிசை மாறக்கூடாது. மாறினால் பாடம் ‘நாம் சம்பாதிக்க வேண்டிய கிருபை’ என்று தலைகீழாகிவிடும். லூத்தர் எதை எதிர்த்தாரோ அதையே லூத்தரனான போன்ஹோஃபர் பெயரால் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆவோம்.

பலகையில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. அந்தப் பகுதியில் அவர் ‘இது இல்லாமல் அது’ என்று அடுக்குகிறார்: மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சபை ஒழுங்கு இல்லாத ஞானஸ்நானம், பாவ அறிக்கை இல்லாத திருவிருந்து, பின்செல்லுதல் இல்லாத கிருபை, சிலுவை இல்லாத கிருபை. இவற்றை இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கத்தைப் பிள்ளைகள் நிரப்பட்டும். புத்தாடையில் திடப்படுத்தல் ஆராதனைக்கு நின்று, அடுத்த ஞாயிறு முதல் காணாமல் போவதைப் பெரும்பாலும் யாராவது எழுதிவிடுவார்கள்.

இங்கேதான் பயிற்சி தடம் புரளும். ‘இது அந்த அங்கிளுக்குத்தான்’, ‘இது எங்கள் மூப்பருக்கு’ என்று பிள்ளைகள் ஊரை எடைபோடத் தொடங்குவார்கள். முன்கூட்டியே ஒரு விதி வையுங்கள்: வலப்பக்க வாக்கியம் ஒவ்வொன்றும் ‘நான்’ என்று தொடங்க வேண்டும்.

ஆசிரியர்கள் தவறும் இடம் வேறு. காணிக்கையையும் கூட்டத்துக்கு வருகையையும் கூட்ட இந்த அதிகாரத்தைக் கையிலெடுக்கிறார்கள். நூலில் அப்படி ஒரு வரியும் கிடையாது. மத்தேயு 13இல் நிலத்தில் பொக்கிஷத்தைக் கண்டவன் சந்தோஷத்தோடு போய் எல்லாவற்றையும் விற்றதைத்தான் அவர் காட்டுகிறார். அந்தச் சந்தோஷத்தை விட்டுவிட்டால் மீதி மிரட்டல்.

‘நம்புகிறவன் மட்டுமே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவன் மட்டுமே நம்புகிறான்’ என்கிறாரே. எது முதல்?

இரண்டு பாதியையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாதம். முதல் பாதியை மட்டும் பிடித்தவன், ‘எனக்கு இன்னும் விசுவாசம் வரவில்லை, அதனால் கீழ்ப்படியவில்லை’ என்று உட்கார்ந்துவிடுவான். அவனிடம் இரண்டாம் பாதியைச் சொல்ல வேண்டும்: முதல் அடியை எடுத்து வை. லேவி ஆயத்துறையிலிருந்து எழுந்தது அந்த முதல் அடி. வகுப்பில் விவாதமாக்காமல், ‘இந்த வாரம் நீ ஏற்கெனவே அறிந்த, இன்னும் செய்யாத ஒன்று எது?’ என்று எழுதச் சொல்லுங்கள். தாளை ஆசிரியர் வாங்கிப் பார்க்க வேண்டாம்.

‘கூடி வாழ்தல்’ நூலில் எந்தப் பகுதி பிள்ளைகளைத் தொடும்?

இரண்டாம் வாரத்துப் பகுதி. சபை எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவன் ஒரு கனவை வைத்திருக்கிறான். உண்மைச் சபை அந்தக் கனவுக்கு ஒத்துவராதபோது முதலில் சகோதரரையும், பிறகு தேவனையும், கடைசியில் தன்னையும் குற்றஞ்சாட்டுகிறான். ஐக்கியத்தை நேசிப்பதைவிட ஐக்கியத்தைப் பற்றிய தன் கனவை நேசிப்பவன், நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், ஐக்கியத்தைக் குலைப்பவனாகிறான் என்கிறார். நகரத்துப் பெரிய சபைகளின் இசைக்குழுவையும் ஒளிவிளக்குகளையும் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, நாற்பது பேர் கூடும் தங்கள் ஆலயத்தை நினைத்துக் கூசும் பிள்ளைகளுக்கு இது நேராக வந்து சேரும். அவர்களைக் கடிந்துகொள்ளும் கருவியாக இதை ஆக்காதீர்கள். அவர்கள் சொல்லும் குறைகளில் பல உண்மையாகவே இருக்கும். ஆசிரியருக்கும் அப்படி ஒரு கனவு உண்டு, இந்த வகுப்பைப் பற்றியே உண்டு. அதையும் சேர்த்துத்தான் இந்தப் பகுதி பேசுகிறது.

நான்காம் வாரத்தில் நடைமுறை விதி ஒன்று வருகிறது. ஃபிங்கன்வால்டேயில், அங்கில்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது. பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு அரையாண்டும் ஏறக்குறைய 25 பேர் ஒன்றாகத் தங்கிய இடத்தில் இது எளிதல்ல. வாலிபர் ஐக்கியப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே ஒரு வாரம் இந்த விதியை முயன்று பாருங்கள். எத்தனை முறை மீறினோம் என்று ஒவ்வொருவரும் தனக்குள் எண்ணிக்கொள்ளட்டும்.

‘தனித்திருக்க முடியாதவன் கூட்டத்தைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கட்டும், கூட்டத்தில் நிலைக்காதவன் தனிமையைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கட்டும்’ என்ற மூன்றாம் வாரத்துக் கருத்துக்கு, ஐந்து நிமிட மௌனத்தைச் செய்தே காட்டுங்கள். பள்ளியில் அவர் அரைமணி நேர மௌன தியானம் வைத்தார், ஒரே வேதப்பகுதியின்மேல் ஒரு வாரம் முழுவதும். நம் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடமே நீளம். கைத்தொலைபேசிகளைக் கூடையில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பாடகர் குழுவில் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: இந்த நூலில் அவர் ஒரே குரலில் சேர்ந்து பாடுவதையே வலியுறுத்துகிறார். கூட்டத்தில் தன் இரண்டாம் குரலைக் காட்டிப் பாடுவதை வீண் பெருமை என்கிறார். அவர் நன்றாகப் பியானோ வாசித்தவர் என்பதால் இதை இசை தெரியாதவரின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கீர்த்தனைப் பாடலுக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது.

ஐந்தாம் அதிகாரமான பாவ அறிக்கையை ஆசிரியர் படித்து வையுங்கள். வகுப்பில் பயிற்சியாகச் செய்யாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஒருவருக்கொருவர் பாவ அறிக்கை செய்யச் சொல்வதும், மூடிய அறையில் பெரியவர் ஒருவரோடு தனியே விடுவதும் கூடவே கூடாது.

‘சிலுவையை எடுத்துக்கொள்’ என்பதை எப்படிச் சொல்வது?

மிக நிதானமாக. வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன் உள்ள பிள்ளை உங்கள் முன் உட்கார்ந்திருக்கலாம். ‘அதுதான் உன் சிலுவை, சுமந்துகொள்’ என்று அது காதில் வாங்கினால் பெரும் தீங்கு. போன்ஹோஃபர் இதைத் தெளிவாகவே பிரிக்கிறார்: வாழ்க்கையில் யாருக்கும் நேரும் துன்பம் எல்லாம் சிலுவை அல்ல, கிறிஸ்துவோடு கட்டுண்டிருப்பதால் வருவதே சிலுவை. இந்த வேறுபாட்டைப் பலகையில் எழுதுங்கள். அடி சிலுவை அல்ல, அதற்கு உதவி கேட்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசாங்கத்தின் தாலியன் காசே உதவி எண் 15999ஐயும் பலகையில் விட்டுவையுங்கள்.

‘கிறிஸ்து ஒருவனை அழைக்கும்போது, வந்து சாகும்படி அழைக்கிறார்’ என்று ஆங்கில வழியாகப் பரவிய வரி இதே அதிகாரத்தைச் சேர்ந்தது. ஜெர்மன் மூலம் இன்னும் சுருக்கம்: ‘கிறிஸ்துவின் ஒவ்வொரு அழைப்பும் மரணத்துக்குள் நடத்துகிறது.’ அந்த மரணத்தில் ஞானஸ்நானத்தில் பழைய மனிதன் சாவதும் அடங்கும் என்று அங்கேயே விளக்குகிறார். உயிரைவிடத் தூண்டும் வரியாக இதைச் சுவரொட்டியில் போட வேண்டாம்.

வாழ்க்கை வரலாற்றை முதலில் சொன்னால் ஆர்வம் வருமே?

வரும். அந்த ஆர்வமே நூலை விழுங்கிவிடும். சிறை, சதி, தூக்கு என்று கேட்ட பிள்ளைகள், நாவை அடக்குவது பற்றிய பக்கத்தைப் பார்த்ததும் ஏமாந்துபோவார்கள். ஆறு வாரம் அவருடைய சொற்களோடு பழகிய பிறகு வரலாற்றைச் சொன்னால், அந்தச் சொற்களுக்கு அவர் கொடுத்த விலை என்ன என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

சொல்லும்போது அடிக்கடி நேரும் பிழைகள் சில. ஹிட்லரைக் கொல்லச் சதிசெய்தவர்களோடு போன்ஹோஃபருக்குத் தொடர்பு உண்டு, ஆனால் ஹிட்லர்மேல் குண்டு வைத்தவர் அவர் அல்ல. 1944 ஜூலை 20 அன்று அதை வைத்தவர் ஸ்டாவ்ஃபன்பெர்க் என்ற ஜெர்மானிய இராணுவ அதிகாரி. போன்ஹோஃபர் அப்போது சிறையில் பதினைந்து மாதங்களைக் கழித்திருந்தார். 1943இல் அவர் கைதானதும் கொலைச் சதிக்காக அல்ல. யூதர்களைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்த முயற்சியைச் சுற்றிய விசாரணையும், போர்ச் சேவையிலிருந்து அவர் விலக்குப் பெற்றிருந்ததும் காரணங்கள். சபையை நாட்சிக் கொள்கைக்கு அடிபணிய வைப்பதை எதிர்த்தவர்கள் 1934 மே மாதம் வெளியிட்ட பார்மன் அறிக்கையை அவர் எழுதியதாகவும் சொல்கிறார்கள். அதைப் பெரும்பாலும் வரைந்தவர் கார்ல் பார்த். போன்ஹோஃபர் அந்தக் கூட்டத்தில் இல்லை. யூதர்களைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கேட்கும் நேரடிக் கேள்வி: ‘1939இல் அமெரிக்காவுக்குப் போனவர் ஏன் திரும்பி வந்தார்?’ ஜூன் மாதம் போனார், ஜூலையிலேயே புறப்பட்டுவிட்டார். இந்தச் சோதனைக் காலத்தில் தம் மக்களோடு பங்குகொள்ளாவிட்டால், போருக்குப் பின் அங்கே கிறிஸ்தவ வாழ்வைத் திரும்பக் கட்டத் தமக்கு உரிமை இராது என்று எழுதினார்.

சமாதானத்தைப் பிரசங்கித்தவர் கொலைச் சதியில் சேரலாமா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லும் ஆசிரியர் தவறு செய்கிறார். அவர் தம்மைக் குற்றமற்றவர் என்று அறிவித்துக்கொள்ளவில்லை. ‘அறவியல்’ கட்டுரைகளில், பிறர்பொருட்டுப் பொறுப்பேற்பவன் குற்றத்தையும் தன்மேல் ஏற்கிறான், தேவனுடைய இரக்கத்தையே நம்பி நிற்கிறான் என்று எழுதினார். சதியில் அவர் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வகுப்பில் ஒரு எல்லை போடுங்கள்: இன்றைய அரசியல்வாதி யாரையும் ஹிட்லரோடு ஒப்பிடக் கூடாது. உலகில் எதிரெதிர் முகாம்களில் இருப்போர் இருவருமே போன்ஹோஃபரைத் தங்கள் கட்சிக்கு இழுக்கிறார்கள். ஒப்பீடு தொடங்கிய நொடியில் நூல் மூடப்பட்டுவிடும்.

‘மதமற்ற கிறிஸ்தவம்’ என்றால் ஆலயத்துக்குப் போக வேண்டாம் என்றா?

இல்லை. சிறைக் கடிதங்களில் வரும் சொல் இது. 1944 ஏப்ரல் 30 தேதியிட்ட கடிதத்தில் அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி, இன்று நமக்குக் கிறிஸ்து உண்மையில் யார் என்பது. அதே சிறையில் அவர் சங்கீதங்களை வாசித்தார், ஜெபித்தார். மதம் என்று அவர் குறைகூறுவது, நம் அறிவும் பலமும் ஓய்ந்த இடத்தில் மட்டும் ஓட்டையடைக்கக் கடவுளைக் கூப்பிடும் பழக்கத்தை. தேர்வு வாரத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் மட்டும் நினைவுக்கு வரும் கடவுள். தேவன் வாழ்வின் ஓரத்தில் அல்ல, நடுவில் இருக்கிறவர். சபையும் எல்லையோரத்தில் அல்ல, ஊரின் நடுவில் நிற்கிறது என்கிறார். படிவம் 6 மாணவர் கேட்டால் இந்த அளவு போதும்.

அவர் பெயரில் புலனத்தில் வரும் மேற்கோள்களை நம்பலாமா?

‘தீமையின்முன் மௌனமாயிருப்பதே தீமை’ என்ற வரி அவர் படத்தோடு எங்கும் சுற்றுகிறது. அவருடைய எழுத்துகளில் அது இல்லை. எந்த நூல், எந்த அதிகாரம் என்று குறிப்பிடாத மேற்கோளை வகுப்பில் பயன்படுத்தாதீர்கள். பிள்ளைகளிடமே இதைத் தேடும் பணியாகக் கொடுத்தால் நல்ல பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

காந்தியோடு அவருக்குத் தொடர்பு இருந்ததா?

இருந்தது. லண்டனில் ஜெர்மானியச் சபைகளில் போதகராயிருந்தபோது காந்தியின் ஆசிரமத்தில் தங்கிக் கற்க விரும்பினார். 1934 நவம்பரில் காந்தி அழைப்புக் கடிதமும் எழுதினார். பயிற்சிப் பள்ளிப் பொறுப்பு வந்ததால் பயணம் நடக்கவில்லை. தாத்தா பாட்டிகளிடமிருந்து காந்தியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நல்ல நுழைவாயில்.

இந்து நண்பர்கள் கூட வந்தால் சேர்த்துக்கொள்ளலாமா? வகுப்பை எங்கே நடத்துவது?

நம் குடும்பங்களில் பாதி உறவினர் இந்துக்கள். வரும் பிள்ளையைத் துரத்த வேண்டாம். ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர் எனில் பெற்றோரிடம் நேரில் போய், என்ன வாசிக்கிறோம் என்று தாளைக் காட்டி அனுமதி கேளுங்கள். மதம் மாற்றும் வகுப்பு இது அல்ல என்பதைச் சொல்லுங்கள், சொன்னபடியே நடங்கள். முஸ்லிம் மாணவர்களை அழைக்கக் கூடாது. கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவின்படி முஸ்லிம்களிடையே பிற மதப் பரப்புரையைக் கட்டுப்படுத்த மாநிலச் சட்டத்துக்கு அதிகாரம் உண்டு. ஆலய மண்டபமே இடம். பள்ளிக்கூடத்தில் தாள்களை விநியோகிக்க வேண்டாம்.

நாங்கள் லூத்தரன் சபை அல்ல. பொருந்துமா?

பொருந்தும். ‘கூடி வாழ்தல்’ நூலை எல்லாச் சபையினரும் வாசிக்கிறார்கள். பெந்தெகொஸ்தே பிள்ளைகளுக்கு மௌனம் புதிதாக இருக்கும், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் குருவானவர் அல்லாத சகோதரனிடம் பாவ அறிக்கை என்பது புதிதாக இருக்கும். அந்த வேறுபாட்டைப் பேசவிடுங்கள். லூத்தரன் சபைப் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்: ஜெர்மானிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706 ஜூலையில், போன்ஹோஃபர் பிறந்தது அதற்கு ஏறக்குறைய 200 ஆண்டு கழித்து. தோட்டத்துக்கு வேலைக்கு வந்த நம் முன்னோர் கொண்டுவந்த லூத்தரன் சபையின் வேர் அங்கே இருக்கிறது.

பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

பெரியவர் கேட்டால் சரியான பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று பழகியவர்கள் அவர்கள். ‘என்ன புரிந்தது?’ என்று கேட்டால் மௌனம்தான் வரும். ‘எந்த வரியின்கீழ்க் கோடு போட்டாய்? அதை மட்டும் வாசி’ என்று கேளுங்கள். வாசிக்க எல்லாருக்கும் முடியும். பிறகு இருவர் இருவராக மூன்று நிமிடம் பேசட்டும், அதன்பின் எல்லாரோடும். அண்ணனும் தங்கையும் ஒரே வகுப்பில் இருந்தால் வேறுவேறு இணையில் உட்கார வையுங்கள். யாராவது ‘இவர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை’ என்றால் வகுப்பு சரியாக நடக்கிறது என்று பொருள். ஏன் என்று கேளுங்கள், திருத்த அவசரப்படாதீர்கள்.

செலவு எவ்வளவு?

ஆசிரியருக்கு இரண்டு நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆளுக்கொன்று வேண்டும். நூல்களை முழுதாகப் படியெடுக்காதீர்கள், மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாரம் ஒரு தாள், ஒரு பென்சில், எட்டு வாரமும் தாள்களைச் சேர்த்துவைக்க ஒரு கோப்பு. இவை போதும்.

கடைசி வாரத்துக் கவிதையை எப்படி நடத்துவது?

‘நான் யார்?’ கவிதையில், சிறையறையிலிருந்து தன் மாளிகையைவிட்டு வெளிவரும் பிரபுவைப்போல அமைதியாக வருகிறேன் என்று மற்றவர் சொல்கிறார்கள் என்கிறார். உள்ளே தாம் கூண்டுப் பறவையைப்போல் தவிப்பதையும் சொல்கிறார். இரண்டில் எது நான் என்று கேட்டுக் கேட்டு, யாராயிருந்தாலும் நீர் என்னை அறிவீர், தேவனே, நான் உம்முடையவன் என்று முடிக்கிறார். இருமுறை வாசித்து, விளக்கம் சொல்லாமல், தாளை இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வீட்டிலும் பள்ளியிலும் தங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்வது, மறுபக்கம் தாங்கள் மட்டும் அறிந்தது. பதினைந்து நிமிடம் கொடுங்கள். வாசித்துக் காட்ட விரும்பாதவர்கள் தாளை மடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.